உச்சத்தில் இருந்தபோது பாலத்துக்குப் போன சாக்ஸபோன் கலைஞர்... யார் இந்த சோனி ராலின்ஸ்?

1959-ம் ஆண்டு கோடைக்காலம். அமெரிக்க ஜாஸ் உலகில் டெனர் சாக்ஸபோன் என்றால் அப்போது இரண்டு பெயர்கள்தான் முதலில் வரும். ஒன்று ஜான் கோல்ட்ரேன். இன்னொன்று சோனி ராலின்ஸ். இரண்டாமவருக்கு வயது 28. ஆல்பத்துக்கு மேல் ஆல்பம், பத்திரிகைகளில் பாராட்டு, க்ளப்களில் கூட்டம்.

திடீரென்று ஆளைக் காணவில்லை. கச்சேரி கிடையாது, ரெக்கார்டிங் கிடையாது.

உடம்பு சரியில்லையா? இல்லை. வாய்ப்பு வரவில்லையா? அதுவும் இல்லை. நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தில் ஏறி நின்று, தன்னந்தனியாக சாதகம் பண்ணிக்கொண்டிருந்தார் மனிதர். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, இரண்டு வருஷத்துக்கும் மேல்!

ஜாஸ் வரலாற்றில் அதிகம் சொல்லப்படும் கதை இது. ஆனால், 'பாலத்தில் வாசித்தார்' என்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஏன் போனார், போவதற்கு முன்னால் என்னென்ன பதிவு செய்திருந்தார், திரும்பி வந்து என்ன செய்தார் என்று பார்த்தால்தான் இதன் கனம் புரியும்.

முதலில்... டெனர் சாக்ஸபோன்னா என்ன?

சாக்ஸபோன் என்றதும் நமக்கு கத்ரி கோபால்நாத் ஞாபகத்துக்கு வருவார். அவர் வாசித்தது ஆல்டோ சாக்ஸபோன். டெனர் அதைவிடப் பெரியது. குரல் இன்னும் கீழே இறங்கும். ஆல்டோவை ஒரு பெண் குரல் என்று வைத்துக்கொண்டால், டெனர் கொஞ்சம் கரகரப்பான ஆண் குரல். உடம்பெல்லாம் பித்தளையாக இருந்தாலும், சத்தம் பிறப்பது வாயில் வைக்கும் நாணல் பட்டையில். அதனால் இதை மரக்குழல் வாத்தியங்களோடுதான் சேர்ப்பார்கள்.

ஜாஸில் ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, முதலில் மெட்டை வாசிப்பார்கள். பிறகு அந்த மெட்டுக்கு அடியில் ஓடும் ஸ்வரக்கூட்டுகளை வைத்துக்கொண்டு, அங்கேயே, அப்போதே புதிதாகக் கற்பனை செய்து வாசிப்பார்கள். நம்மூர் சங்கீதத்தில் 'மனோதர்மம்' என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். ராலின்ஸின் பெயர் நிற்பதே இந்த இடத்தில்தான்.

ஹார்லெம் பையன்

முழுப்பெயர் வால்டர் தியோடர் ராலின்ஸ். 1930 செப்டம்பர் 7-ல் நியூயார்க்கில் பிறந்தவர். பெற்றோர் கரீபியக் கடலில் இருக்கும் விர்ஜின் தீவுகளிலிருந்து வந்தவர்கள். வளர்ந்தது கறுப்பின மக்களின் கலைத் தலைநகரமாக இருந்த ஹார்லெமில். தெருவில் நடந்தாலே பெரிய பெரிய இசைக் கலைஞர்களைப் பார்க்கலாம் என்கிற ஊர் அது. அங்கே அவர் கண்ட கடவுள், டெனர் சாக்ஸபோன் மேதை கோல்மன் ஹாக்கின்ஸ். ஆல்டோவில் ஆரம்பித்த பையன், ஹாக்கின்ஸுக்காகவே 16 வயதில் டெனருக்கு மாறினார்.

பள்ளிக்கூட நண்பர்களோடு சேர்ந்து ஒரு குழு. 18, 19 வயதிலேயே ரெக்கார்டிங். கிடுகிடுவென ஏறிக்கொண்டிருந்த கிராஃப் அப்படியே கீழே விழுந்தது 1950-ல். ஆயுதம் ஏந்திய கொள்ளை வழக்கில் கைதாகி, ரைக்கர்ஸ் தீவு சிறையில் சுமார் 10 மாதங்கள் இருந்தார். காரணம் ஹெராயின். அன்றைய ஜாஸ் உலகத்தையே அரித்துக்கொண்டிருந்த பழக்கம். வெளியே வந்தும் விடவில்லை. 1952-ல் பரோல் விதிகளை மீறியதாக மறுபடியும் கைது.

பார்க்கரிடம் சொன்ன பொய்

இந்த இடத்தில் ஒரு சம்பவத்தைச் சொல்லியே ஆகவேண்டும். 1953 ஜனவரியில் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் தலைமையில் ஒரு ரெக்கார்டிங். ராலின்ஸும் இருந்தார், சார்லி பார்க்கரும் இருந்தார். பார்க்கர் யாரென்றால், அந்தத் தலைமுறை முழுக்க யாரைப் பார்த்து வாசிக்கக் கற்றுக்கொண்டதோ, அவர். அவரைப் பார்த்தே பல இளைஞர்கள் ஹெராயினையும் தொட்டார்கள் என்பது இன்னொரு கசப்பான உண்மை.

"இன்னும் அந்தப் பழக்கம் இருக்கிறதா?" என்று பார்க்கர் விசாரித்திருக்கிறார். "இல்லை" என்று பொய் சொல்லியிருக்கிறார் ராலின்ஸ். கொஞ்ச நேரத்தில் உண்மை தெரிந்துபோக, பார்க்கரின் முகம் வாடிப்போனதாம். தன்னைப் பார்த்துத்தான் இந்தப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்ற வேதனை அவருக்கு. அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் இதை விட்டே தீரவேண்டும் என்று தோன்றியது எனப் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார் ராலின்ஸ்.

கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் போதை மீட்பு சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை ஒன்று இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்தார். சோதனை கட்டத்தில் இருந்த மெதடோன் சிகிச்சைக்கு, தானாகவே முன்வந்து சம்மதித்தார். குணமாகி வந்து பார்க்கரிடம் சொல்லவேண்டும் என்பது ஆசை. அது நடக்கவில்லை. ராலின்ஸ் சிகிச்சையில் இருந்தபோதே, 1955 மார்ச் 12-ல் பார்க்கர் இறந்துபோனார். அவருக்கு வயது 34.

வெளியே வந்தவர் நேராக மேடைக்கு ஓடவில்லை. சிகாகோவில் தங்கி, துப்புரவு வேலை பார்த்தார். போதை இல்லாமல் தன்னால் வாசிக்க முடியுமா என்ற பயம் ஒருபக்கம். க்ளப் பக்கம் போனால் பழைய சகவாசம் இழுத்துவிடுமோ என்ற பயம் இன்னொரு பக்கம். கவனித்தீர்களா? பாலத்துக்குப் போவதற்கு நான்கு வருடம் முன்பே, ஒதுங்கிப் போய்த் தன்னைச் சரிசெய்துகொள்ளும் வித்தையை அவர் ஒருமுறை செய்து பார்த்துவிட்டார்.

1956: ஒரே வருஷம், இவ்வளவும்!

1955 கடைசியில் கிளிஃபர்ட் பிரவுன் - மேக்ஸ் ரோச் குழுவில் சேர்ந்தார். ட்ரம்பெட் வாசித்த பிரவுனுக்கும் ராலின்ஸுக்கும் ஒரே வயது. குடி, போதை எதுவும் இல்லாமலும் உச்சத்தில் வாசிக்க முடியும் என்பதற்குக் கண்ணெதிரே நின்ற சாட்சி பிரவுன். ராலின்ஸுக்கு அப்போது வேண்டியிருந்ததும் அதுதான்.

1956 மே 24-ல் 'டெனர் மேட்னஸ்' பதிவானது. தலைப்புப் பாட்டில் கோல்ட்ரேனும் ராலின்ஸும் மாறி மாறி வாசிக்கிறார்கள், சுமார் 12 நிமிடம். இந்த இரண்டு பேரும் சேர்ந்து வாசித்ததாக நமக்குக் கிடைத்திருக்கும் ஒரே ரெக்கார்டிங் இதுதான். சண்டைக் காட்சி மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்துக் கேட்டால் ஏமாந்துவிடுவீர்கள். இரண்டு நண்பர்கள் டீக்கடையில் பேசிக்கொள்வது போலத்தான் இருக்கும். யார் எங்கே நிறுத்துகிறார், யார் எங்கே எடுக்கிறார் என்று கண்டுபிடிப்பதே ஒரு விளையாட்டு.

அடுத்த மாதம், ஜூன் 22. நியூஜெர்சியின் ஹாக்கன்சாக் ஊரில் ருடி வான் கெல்டரின் ஸ்டுடியோ. ஸ்டுடியோ என்றதும் பெரிதாகக் கற்பனை செய்யவேண்டாம். அவருடைய பெற்றோர் வீட்டு ஹால்தான் அது. வான் கெல்டருக்குப் பகலில் கண் பரிசோதகர் வேலை. அந்த ஹாலில் ஒரே நாளில் பதிவானதுதான் 'சாக்ஸபோன் கொலோசஸ்'. மொத்தமே ஐந்து பாட்டுகள். பியானோவில் டாமி ஃப்ளானகன், பேஸில் டக் வாட்கின்ஸ், டிரம்ஸில் மேக்ஸ் ரோச்.

முதல் பாட்டு 'செயின்ட் தாமஸ்'. சின்ன வயதில் அம்மா பாடிக் கேட்ட கரீபியத் தீவு மெட்டு. டிரம்ஸ் தாளத்தோடு ஆரம்பித்த உடனேயே கால் தானாக ஆடும். கடைசிப் பாட்டு 'ப்ளூ செவன்', 11 நிமிடத்துக்கு மேல் ஓடும். ஒரு சின்னத் துணுக்கை எடுத்து, அதை நீட்டி, ஒடித்து, தலைகீழாக்கி, அரைகுறையாக விட்டுவிட்டு மறுபடி வந்து முடிப்பார். மனம்போன போக்கில் வாசிப்பதாகத் தோன்றும். பார்த்தால் ஒவ்வொன்றும் அந்த முதல் துணுக்கின் பேரப்பிள்ளைகளாக இருக்கும். இசையமைப்பாளர் குந்தர் ஷுல்லர் 1958-ல் இந்த ஒரு பாட்டை வரிவரியாகப் பிரித்து ஒரு கட்டுரையே எழுதினார். இன்றைக்கும் ஜாஸ் படிப்பவர்கள் அதைப் படிக்கிறார்கள். ஆனால் ராலின்ஸுக்கு அது சங்கடத்தைத்தான் கொடுத்தது. தான் யோசிக்காமல் செய்த ஒன்றை இன்னொருவர் இப்படி அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து வைத்தால், அடுத்தமுறை வாசிக்கும்போது தன்னைத்தானே கவனிக்கத் தொடங்கிவிடுவோம் அல்லவா?

இந்த ஆல்பம் பதிவான நான்காவது நாள், ஜூன் 26. பென்சில்வேனியாவில் நடந்த கார் விபத்தில் கிளிஃபர்ட் பிரவுன் இறந்துபோனார். வயது 25. அதே காரில் இருந்த குழுவின் பியானோ கலைஞர் ரிச்சி பவலும், அவர் மனைவியும் உயிரிழந்தார்கள்.

பியானோவைத் தூக்கிய துணிச்சல்

அடுத்த இரண்டு வருடங்களில் ராலின்ஸ் செய்த ஒரு காரியம், கேட்பதற்குச் சின்னதாகத் தெரியும். குழுவிலிருந்து பியானோவை எடுத்துவிட்டார். சாக்ஸபோன், பேஸ், டிரம்ஸ். அவ்வளவுதான்.

இதில் என்ன பெரிய விஷயம்? பியானோதான் பாட்டின் ஸ்வரக்கூட்டுகளை விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். வாசிப்பவருக்கு அது கைப்பிடிச் சுவர். அதை எடுத்துவிட்டால் எந்தப் பக்கமும் திரும்பலாம். ஆனால் தவறினால் பிடிக்க ஆள் கிடையாது. பாட்டு இப்போது எங்கே இருக்கிறது என்பதைச் சாக்ஸபோன் ஒன்றே கேட்பவருக்குக் காட்டிக்கொண்டு போகவேண்டும்.

1957 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலீஸில் பதிவான 'வே அவுட் வெஸ்ட்' அப்படி வந்ததுதான். கூட வாசித்தவர்கள் பிஸியாக இருந்ததால் ரெக்கார்டிங் தொடங்கியதே அதிகாலை 3 மணிக்கு! அட்டைப்படத்தில் பாலைவனத்தில் கௌபாய் தொப்பி, இடுப்பில் துப்பாக்கி உறை, கையில் சாக்ஸபோனோடு நிற்பார். பார்த்தால் சிரிப்பு வரும். உள்ளே இருக்கும் இசை அத்தனை தெளிவு. அதே வருடம் நவம்பர் 3-ல், நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் என்ற நிலவறை க்ளப்பில் நேரடியாகப் பதிவான ஆல்பமும் பியானோ இல்லாததுதான். என்னைக் கேட்டால், ராலின்ஸ் எவ்வளவு பெரிய ஆள் என்று ஒருவருக்குப் புரியவைக்க இந்த ஒன்று போதும்.

1958-ல் வந்த 'ஃப்ரீடம் சூட்' இன்னொரு வகையில் முக்கியம். ஆல்பத்தின் ஒரு பக்கம் முழுக்க, சுமார் 19 நிமிடம், ஒரே இசைக்கோவை. பெயரிலேயே விடுதலை. பத்திரிகைகள் கொண்டாடும் கலைஞர். ஆனால் கறுப்பர் என்பதால் அதே நியூயார்க்கில் வாடகைக்கு வீடு கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. அமெரிக்கப் பண்பாட்டுக்கு இவ்வளவு கொடுத்த கறுப்பின மக்களுக்கு மனிதத்தன்மையற்ற நடத்தைதான் பரிசா என்ற பொருளில் ஆல்பத்தின் அட்டையில் சில வரிகள் எழுதினார். சிவில் உரிமை இயக்கம் பெரிய அளவில் தெருவுக்கு வராத காலம் அது. கொஞ்ச நாளில் அதே ரெக்கார்டிங், 'ஷேடோ வால்ட்ஸ்' என்ற வேறொரு பாட்டின் பெயரில் மறுவெளியீடு கண்டது. 'விடுதலை' என்ற சொல் அட்டையிலிருந்து காணாமல் போயிருந்தது.

சரி, ஏன் பாலம்?

இப்போது 1959-க்கு வருவோம். பெயர் பெரிதாகிக்கொண்டே போனது. அந்தப் பெயருக்கு ஏற்ற மாதிரி தான் வாசிக்கவில்லை என்று ராலின்ஸுக்குத் தோன்றியது. எல்லாம் சீக்கிரமாகவே, அளவுக்கு மிஞ்சிக் கிடைத்துவிட்டது என்று நினைத்தார். மற்றவர்கள் கைதட்டும்போது, தனக்குள் ஏதோ குறைகிறது என்பது அவருக்கு மட்டும் கேட்டது.

பார்க்கப்போனால் அது ஒதுங்கக் கூடாத நேரம். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' வெளியானது அந்த வருடம். கோல்ட்ரேன் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' பதிவு செய்ததும், ஆர்னெட் கோல்மன் நியூயார்க் வந்து ஜாஸின் இலக்கணத்தையே கேள்வி கேட்டதும் அப்போதுதான். வருமானம் போகும், மக்கள் மறந்துபோவார்கள், போட்டியாளர்கள் முந்திவிடுவார்கள். எல்லாம் தெரிந்துதான் ஒதுங்கினார்.

வீடு மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடில், கிராண்ட் தெருவில். அடுத்த வீட்டில் ஒரு கர்ப்பிணிப் பெண். சாக்ஸபோனை முழு மூச்சோடு ஊதினால் அவருக்குத் தொந்தரவாகுமே என்ற கவலை. இடம் தேடி நடந்தவருக்குக் கண்ணில் பட்டது வில்லியம்ஸ்பர்க் பாலம். மன்ஹாட்டனையும் புரூக்ளினையும் இணைத்து, ஈஸ்ட் ரிவர் மேல் 1903-ல் திறக்கப்பட்ட பெரிய இரும்புப் பாலம். கார்களுக்கு மேலே, நடந்து போகிறவர்களுக்கென்று தனிப் பாதை. ஆள் நடமாட்டம் குறைவு. பக்கத்தில் ரயில் தடதடக்கும், கீழே படகுகள் ஊதும். எவ்வளவு சத்தமாக வாசித்தாலும் யாருக்கும் தொந்தரவு இல்லை.

வெயில், குளிர் எல்லாக் காலமும் போனார். சில நாள் 15, 16 மணி நேரம் வரை. படகு ஊதினால் அதே சுதியில் பதில் ஊதுவார். அவ்வளவு இரைச்சலுக்கு நடுவே தன் சத்தம் தனக்குக் கேட்கவேண்டும் என்றால் மூச்சில் பலம் வேண்டும். அந்த வகையில் பாலமே ஒரு வாத்தியார்தான். சிகரெட்டை விட்டார், உடற்பயிற்சி செய்தார், ஸ்வரக்கூட்டு இலக்கணத்தைத் திரும்பப் படித்தார். வீட்டுச் செலவுக்கு? பின்னாளில் மனைவியான லூசில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். இந்தக் கதையைச் சொல்லும் பலர் அவரை விட்டுவிடுகிறார்கள்.

திரும்பி வந்தபோது...

1961 நவம்பரில் நியூயார்க்கின் 'ஜாஸ் கேலரி'யில் மறுபடியும் மேடை. 1962-ல் ஆர்சிஏ விக்டர் நிறுவனத்தில் வந்த ஆல்பத்துக்குப் பெயர்... வேறென்ன, 'தி பிரிட்ஜ்' தான். பியானோவுக்குப் பதிலாக ஜிம் ஹாலின் கிட்டார்.

வந்ததும் ஒரு முணுமுணுப்பு. இரண்டு வருடம் பாலத்தில் நின்றவர் புரட்சி எதையாவது கொண்டுவருவார் என்று காத்திருந்தவர்களுக்கு இது பழைய மாதிரியே இருப்பதாகப் பட்டது. அவர்கள் சொன்னதில் பாதி உண்மைதான். புது இலக்கணம் எதுவும் இதில் இல்லை. ஆனால் 'காட் பிளெஸ் தி சைல்ட்' பாட்டைக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்வரத்தையும் அவர் வைக்கும் இடத்தில், அவசரம் என்பதே இல்லை. அவர் பாலத்துக்குப் போனது உலகத்தை மாற்ற இல்லையே, தன் காதுக்குச் சரியாக வரவேண்டும் என்றுதானே?

அதற்கடுத்த வருடம், தன் மானசீக குரு கோல்மன் ஹாக்கின்ஸோடே சேர்ந்து 'சோனி மீட்ஸ் ஹாக்' பதிவு செய்தார். குருவைப் போல வாசித்து மரியாதை செய்யவில்லை. குருவே திரும்பிப் பார்க்கும்படி கோணல்மாணலாக வாசித்தார். 1966-ல் 'ஆல்ஃபி' திரைப்படத்துக்கு இசை.

அப்புறம் மறுபடியும் ஒதுங்கினார்! இந்தமுறை இந்தியாவுக்கே வந்தார். 1960-களின் கடைசியில் பம்பாயின் பவாய் பகுதியில் இருந்த ஓர் ஆசிரமத்தில் தங்கி யோகாவும் வேதாந்தமும் படித்தார். 1972-ல் 'நெக்ஸ்ட் ஆல்பம்' மூலம் திரும்பி வந்தார். பிறகு 1981-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'டாட்டூ யூ' ஆல்பத்தில் சாக்ஸபோன் வாசித்தார். ஆல்பத்தில் அவர் பெயரே இல்லை. ஜாஸ் பக்கமே போகாத கோடிக்கணக்கானவர்கள் 'வெயிட்டிங் ஆன் எ ஃப்ரெண்ட்' பாட்டில் அவரைக் கேட்டிருக்கிறார்கள், யாரென்று தெரியாமலேயே.

ஸ்டுடியோவில் ஒருவர், மேடையில் வேறொருவர்

70-கள், 80-களின் ஸ்டுடியோ ஆல்பங்கள் பற்றி ரசிகர்களிடையே இன்றுவரை சண்டை உண்டு. சுமார்தான் என்பதே என் கருத்தும். ஸ்டுடியோவில் அவர் தன்னைத் தானே சந்தேகப்படுவார். பதிவானதைத் திரும்பக் கேட்பதே அவருக்குப் பிடிக்காது. மேடையில் விட்டால் ஒரே பாட்டை அரை மணி நேரம் இழுத்து ஊரையே எழுப்பிவிடுவார். 1986-ல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு திறந்தவெளிக் கச்சேரி. மேடையிலிருந்து குதித்தவருக்குக் குதிகால் எலும்பு முறிந்துபோனது. படுத்த நிலையிலேயே தொடர்ந்து வாசித்தார். இது ஒரு ஆவணப்படத்தில் அப்படியே பதிவாகியிருக்கிறது. ரசிகர் ஒருவர் பல வருடம் சேகரித்து வைத்திருந்த கச்சேரிப் பதிவுகளிலிருந்தும் தேர்ந்தெடுத்து, 2008 முதல் 'ரோடு ஷோஸ்' என்ற வரிசை வெளிவந்தது. மேடை ராலின்ஸைத் தேடுபவர்களுக்கு அது புதையல்.

2001 செப்டம்பர் 11. உலக வர்த்தக மையத்துக்குச் சில தெருக்கள் தள்ளி, உயரமான மாடியில் ராலின்ஸின் வீடு. வெளியேற்றப்பட்டபோது அவர் கையில் இருந்தது சாக்ஸபோன். நான்கு நாளில் பாஸ்டனில் கச்சேரி. ரத்து செய்துவிடலாம் என்றார். வாசித்தே ஆகவேண்டும் என்றார் லூசில். செப்டம்பர் 15-ல் நடந்த அந்தக் கச்சேரி 'வித்தவுட் எ சாங்' என்ற பெயரில் 2005-ல் ஆல்பமாக வந்தது. அதில் ஒரு பாட்டுக்கு அவருக்கு கிராமி விருதும் கிடைத்தது. ஆல்பம் வந்தபோது லூசில் இல்லை, 2004-லேயே காலமாகிவிட்டார்.

2011-ல் அதிபர் ஒபாமா கையால் தேசியக் கலைப் பதக்கம். அடுத்த வருடத்தோடு மேடை நின்றது. நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் ஃபைப்ரோசிஸ் நோய் வந்துவிட்டது. 2014-ல் ஓய்வு. மற்ற இடைவெளிகளையெல்லாம் அவராகத் தேர்ந்தெடுத்தார். இதை மட்டும் உடம்பு முடிவு செய்தது. பாலத்துக் காலத்திலிருந்து எழுதி வைத்த நோட்டுப் புத்தகங்கள், ரெக்கார்டிங்குகள் எல்லாம் 2017-ல் ஹார்லெமில் உள்ள ஷாம்பர்க் ஆய்வு மையத்துக்குப் போயின. சிறுவனாக அவர் சுற்றித் திரிந்த அதே பகுதி.

எதில் ஆரம்பிப்பது?

ஜாஸே கேட்டதில்லை என்றால் 'செயின்ட் தாமஸ்' முதலில். ஆறேழு நிமிடம்தான். பிடித்திருந்தால் 'வே அவுட் வெஸ்ட்'. பொறுமை வந்ததும் 'ப்ளூ செவன்'. ஆரம்பத்தில் வரும் அந்தச் சின்னத் துணுக்கை மனதில் பிடித்து வைத்துக்கொண்டு, அது எங்கெல்லாம் தலைகாட்டுகிறது என்று கேட்டுப் பாருங்கள். 'தி பிரிட்ஜ்' ராத்திரி நேரத்துக்கு ஏற்றது. ஒரு சின்ன விஷயம்: மொபைல் ஸ்பீக்கரில் டெனர் சாக்ஸபோனின் அடிக்குரல் பாதி காணாமல் போய்விடும். இயர்போன் மாட்டிக்கொள்ளுங்கள்.